பதினாலாம் நம்பர் வீடு பின்தங்கிவிட்டது

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கிண்டலடிப்பதற்காக எழுதத் தொடங்கிய கதை.

ஈப்போ நகரில் நான் படிக்கும் கல்லூரியின் மாத இதழில் கடைசிப் பக்கம் என்னுடையது. கேன்டீன் மீ கோரெங் நூடுல்ஸில் கோழி இருந்ததற்கான தொல்லியல் சான்றுகள், ஆண்கள் கழிவறைத் தாழ்ப்பாளுக்குப் பணி ஓய்வுப் பாராட்டுரை என்று மாதந்தோறும் எதையாவது எழுதிவிட்டுச் சிரிக்காத முகத்தோடு திரிவேன். இந்த மாதத்துக்கு ஒரு விஷயம் வசமாக மாட்டியது. என் நண்பன் யுவனேஸ்வரன் ஒரு கோயில் திருவிழாவை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறான். தீபாராதனை எடுக்கும் நேரம் பார்த்து, உலகெங்கும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்களுக்குப் படம் நின்றுபோகிறது. போன வருடமும் இப்படி, அதற்கு முந்தின வருடமும் இப்படி. தலைப்புகூட வைத்துவிட்டேன்: 'அம்மனுக்கு லைன் இல்லை'.

கட்டுரை நான்கு வரியைத் தாண்டவில்லை. தாண்டாததற்கான காரணம்தான் இந்தக் கதை. (காரணத்தை இப்போதே சொன்னால் இரண்டாம் பகுதிக்கு வரமாட்டீர்கள். வாசகர்களை எனக்குத் தெரியும். நானும் பாதியில் எழுந்துபோகிற வாசகன்தான்.)

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

'ஆயர் தாவாரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், செம்பனை மரங்களுக்கு நடுவே, காலம் மறந்துவிட்ட ஒரு கோயில்'

காலம் ஒன்றையும் மறக்கவில்லை. போன வருடம்தான் டைல்ஸ் போட்டார்கள். அடித்துவிட்டேன்.

'சர்வர் எனப்படுவது யாதெனில்'

மன்னிக்கவும்.

'குமுதா அக்காவின் இடது கையில் இரண்டு ஊசிகள் ஏறியிருந்தன. வலது கை'

இந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டது வேண்டுமென்றேதான். அந்த வலது கை இப்போதே வந்துவிட்டால் மீதிக் கதைக்கு வேலை இல்லை. ஆகவே தொடக்கம் இல்லாமலே உள்ளே போகிறோம். செருப்பை வெளியே விடுங்கள்.

3

கோயில் இருக்கும் இடத்துக்கு ஒன்பதாங்கட்டைத் தோட்டம் என்று பெயர். கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள். ஆட்கள் ஈப்போ, கிள்ளான், ஜோகூர், சிங்கப்பூர் என்று போனார்கள். மாரியம்மன் போகவில்லை.

அந்தக் காலத்தில் விடியுமுன்னே தொழிலாளர்களை நிற்கவைத்துத் தோட்டக் கணக்கரான கிராணி பேர் கூப்பிடுவார். அதற்குப் பெரட்டு என்று பெயர். இந்தக் கோயிலில் அம்மனும் பெரட்டு எடுப்பாள். திருவிழாவின் கடைசி வெள்ளிக்கிழமை, தீபாராதனை முடிந்ததும், இல்லாத லயத்தின் வீட்டு நம்பர்களைப் பூசாரி வரிசையாகக் கூப்பிடுவார். ஒவ்வொரு நம்பரையும் மூன்று முறை. அந்த வீட்டு ஆள் யாராவது 'இருக்கோம் ஆத்தா' என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஓர் அகல்விளக்கு அம்மன் முன்னால் வரிசையாக எரியும். மூன்று வருடம் தொடர்ந்து பதில் இல்லையென்றால் அந்த விளக்கை எடுத்துவிட்டு மற்றவற்றை நெருக்கி வைப்பார்கள். பிறகு அந்த நம்பரை யாரும் கூப்பிடுவதில்லை.

விதி இன்னொன்று. தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர் மட்டுமே பதில் சொல்லலாம்.

கோவிட் வந்து சாலைகள் அடைபட்டபோது, நேரலையில் பார்க்கிறவர்களும் பதில் சொல்லலாம் என்று கோயில் கமிட்டி விதியைத் தளர்த்தியது. யுவன் செய்த பக்கத்தில் ஒரு மைக் பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பேசினால் குரல் கோயில் ஒலிபெருக்கியில் வரும். இதற்குப் பதில் சும்மா போன் போட்டுச் சொல்லிவிடலாமே என்று ஒருவர் கேட்டார். கமிட்டித் தலைவி தனேஸ்வரி அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன்ல எப்படிலா தீபம் எடுப்ப? காதுலயா?"

4

யுவனேஸ்வரனைப் பாத்திரமாக நம்புவதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. கதையில் வரும் கணினி ஆள் கண்ணாடி போட்டிருக்க வேண்டும், மனிதர்களைக் கண்டால் ஒதுங்க வேண்டும். இவன் கபடி ஆடுகிறவன், வாய் ஓயாதவன். திருத்தப் பார்த்தேன், ஒத்துழைக்கவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

அவனுடைய சர்வர் ஒரு பழைய மடிக்கணினி. கோயிலின் பின்னறையில் அன்னதான அரிசி மூட்டைகளின்மேல் வீற்றிருந்தது. திருவிழாவின் நான்காம் நாள் நான் குறிப்பெடுக்கப் போனபோது (கிண்டலுக்கும் களப்பணி வேண்டும்) அவன் திரையில் ஒரு கோட்டைக் காட்டினான். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் கோடு. முந்நூறுக்கு மேலே சமமாக ஓடிக்கொண்டிருந்தது, வெளியே கற்பூரம் ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் மலைச்சரிவுபோல விழுந்தது.

"பாத்தியா மச்சான். ஒருத்தன் ரெண்டு பேர் விழுந்தா அவன் வீட்டு லைன் சரியில்லன்னு சொல்லலாம். மொத்தமா விழுந்தா தப்பு நம்ம பக்கம்தான்."

"மேளமா இருக்கும்டா. அதிர்ச்சியில வயர் ஆடுது."

"அதான் அடியில தலகாணி வச்சிருக்கேன்ல."

உண்மையில் வைத்திருந்தான். பூப்போட்ட உறையோடு.

விபூதித் தட்டோடு உள்ளே வந்த தனேஸ்வரி அக்கா தம் முடிவைச் சொன்னார். "வயரும் இல்ல ஒன்னும் இல்ல. ஆத்தாவுக்கு கேமரா புடிக்கல."

"புடிக்கலன்னா கொடியேத்துன அன்னைக்கே கட் பண்ணியிருக்கும்லா அக்கா. ஏன் கரெக்டா தீபத்துக்கு?"

"அதுக்கும் ஒரு பொறும இருக்குல்ல. முடிஞ்ச வரைக்கும் பாக்குது."

இதை அப்படியே இதழில் போட்டிருந்தால் நான் இந்நேரம் புகழோடு இருந்திருப்பேன்.

[இங்கே கொஞ்சம் சர்வர். பயப்பட வேண்டாம், ஒரு பத்திதான். சர்வர் படத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி ஒவ்வொருவருக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் வாங்கிக்கொண்டால் அடுத்த துண்டு. வாங்காவிட்டால் துண்டுகள் அவர் பெயரில் குவியும். குவியல் ஓர் அளவைத் தாண்டினால், ஆள் இல்லை என்று சர்வர் முடிவுகட்டி இணைப்பை அறுத்துவிடும். அறுக்கும்போது 'பின்தங்கிவிட்டார், நீக்கப்படுகிறார்' என்று எழுதிவைக்கும். எங்கள் சர்வர் மாலைக்கு முந்நூறு முறை அதை எழுதியது. ஏன் வாங்காமல் நின்றார்கள் என்பது மட்டும் அதற்கும் தெரியாது.]

யுவன் பார்வையாளர்களில் பலரைக் கூப்பிட்டு விசாரித்திருந்தான். படம் நிற்பதற்கு முன்னால் எதையாவது தொட்டீர்களா, அழுத்தினீர்களா? எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ஒன்றும் தொடவில்லையே தம்பி, சாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்களில் ஒருவர் அன்று அவரே கூப்பிட்டார். குமுதா அக்கா. பள்ளிச் சீருடை தைக்கிறவர், ஈப்போவில் தனியாக இருக்கிறார், பதினாலாம் நம்பர் வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே ஆள். வாரத்தில் மூன்று மாலை அவருக்கு டயாலிசிஸ். வெள்ளிக்கிழமையும் அதில் உண்டு. யுவன் போனை அரிசி மூட்டையின்மேல் வைத்து ஒலியைக் கூட்டினான்.

"தம்பி, ரெண்டு வருசமா தீபத்தோட நின்னுருது. திரும்ப வர்றதுக்குள்ள எங்க நம்பர் போயிருது. இது மூனாவது வருசம்."

"தெரியும் அக்கா. பாத்துக்கிட்டு இருக்கோம்."

"லயத்த இடிச்சப்ப நான் அழல தம்பி. தகரந்தானே. ஆனா நம்பரயும் கூப்புடலன்னா" என்று சொல்லி நிறுத்தி, "சரி, மிஸி வராங்க, வச்சிடுறேன்" என்றார். மிஸி என்றால் தாதி.

யுவன் என் பக்கம் திரும்பினான். "நீ ஈப்போவுலதானே இருக்க. புதன்கிழம அவங்க பக்கத்துல ஒக்காந்து பாரு. நான் இந்தப் பக்கம் பாக்குறேன். நோட்ட மூடு. ஜோக் அப்புறம் எழுதலாம்."

5

புதன்கிழமை, டயாலிசிஸ் மையத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் இயந்திரம். (அந்த இயந்திரமும் ஓர் இணைப்பைக் காத்துக்கொண்டிருந்தது என்று எழுத எனக்குக் கை அரித்தது. யாரும் எழுதக்கூடிய வரி அது. ஆகவே அடைப்புக்குள் போட்டிருக்கிறேன்.)

குமுதா அக்கா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "சட்ட எங்க தச்சது? தோள் எறங்கி இருக்கு."

"வாங்குனது அக்கா."

"அதான பாத்தேன்."

மடிக்குமேல் இழுத்துவிட்ட சாப்பாட்டுப் பலகையில் அவருடைய டேப்லட், ஒரு பிஸ்கட் டின்னில் சாய்ந்து நின்றது. பக்கத்து நாற்காலி மக்சிக் (மலாய்ப் பெரியம்மா), தோலுரித்த ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு தம் சீரியலை விட்டு எங்கள் அம்மனைப் பார்க்கத் தொடங்கினார். அபிஷேகம் ஆயிற்று, அலங்காரம் ஆயிற்று, படம் கண்ணாடிபோல ஓடியது. நான் யுவனோடு போனில் இருந்தேன். அவன் பக்கமும் கோடு சமமாக இருந்தது. பூசாரி ஐயாவு அண்ணன் கற்பூரத்தை ஏற்றினார். மற்ற நாட்களில் பள்ளி வேன் ஓட்டுகிறவர் அவர், தட்டை ஸ்டியரிங்போலச் சுற்றுவார். சுற்றி முடித்து, கூட்டத்தை நோக்கித் தட்டை நீட்டினார். கேமரா நெருங்கியது. திரை முழுக்கச் சுடர்.

குமுதா அக்காவின் வலது கை உயர்ந்தது. உள்ளங்கையால் திரையிலிருந்த நெருப்பை மூடினார். மூடிய கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், முதலில் வலது கண்ணில், பிறகு இடதில். உதடு அசைந்தது.

கையை எடுத்தபோது சுடர் அசையாமல் நின்றிருந்தது.

"ஆ, நின்னுருச்சி பாத்தியா" என்றார்.

"பூத்துஸ் லாகி?" என்றார் மக்சிக். மறுபடியும் அறுந்துபோயிற்றா என்று. பிஸ்கட் டின்னை நேராக்கிவிட்டார், அதனால் சரியாகிவிடும் என்பதுபோல.

திரையின் நடுவில் தொட்டால் படம் நிற்கும். எல்லாப் போனிலும் அப்படித்தான். படம் நின்றால் துண்டுகளை வாங்காது. வாங்காவிட்டால் சர்வர் அறுத்துவிடும்.

"அக்கா, இப்ப எதையாவது தொட்டீங்களா?"

அவர் யோசித்தார். நேர்மையாக யோசித்தார் என்பதை முகத்தில் பார்த்தேன்.

"இல்லையே தம்பி."

பொய் இல்லை. அவர் நெருப்பைத்தான் தொட்டார். அதற்கும் அவருக்கும் நடுவில் டேப்லட் என்று ஒன்று இருந்ததாக அவருக்குத் தோன்றவேயில்லை.

6

"தொடுறாங்கடா" என்றேன், வாசலுக்கு வந்து, போனில்.

"யாரு?"

"எல்லாரும். தீபத்த."

பின்னணியில் மேளம் முடிந்து ஆட்கள் விபூதிக்கு நெருக்கும் சத்தம் வந்தது. அதன்பிறகு பொத்தான்கள் தட்டுகிற சத்தம்.

"இரு, போன வருசப் பதிவ எடுக்குறேன்." எடுத்தான். கோடு விழுந்த இடத்தில் விழுந்தவர்களின் ஊர்களை ஒவ்வொன்றாகப் படித்தான். "கிள்ளான். கிள்ளான். ஷா ஆலம். ஜோகூர் பாரு. சிங்கப்பூர், அது நெறய. கோலா கங்சார். கூச்சிங்ல ஒன்னு. லூமுட்ல ஒன்னு. டோஹா. மெல்பர்ன்." குரல் இறங்கிக்கொண்டே போனது. "எல்லாம் ஒரே எடத்துல விழுதுடா மச்சான். ஒரே மூச்சுல."

வாசகரே, நான் கடைசிப் பக்கக்காரன். வியப்பு எனக்குத் தொழில் எதிரி. ஆனால் அந்த மையத்தின் வாசலில், வாகனம் நிறுத்துமிடத்தில், நான் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். இரண்டு வருடமாக அந்தச் சரிவைப் பழுது என்று அழைத்தோம். அதற்குத் தலையணை வைத்தோம். அது கைகள். தங்கும் விடுதியின் அடுக்குக் கட்டிலில் ஒருவன், சமையலறையில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்ட ஒருத்தி, பேருந்தில் நின்றுகொண்டே ஒருவர், ஒருவருக்கொருவர் முகவரி தெரியாத முந்நூறு பேர், ஆயர் தாவார்ச் செம்பனைக்குள் எரிந்த ஒரே கற்பூரத்தை நோக்கி ஒரே நேரத்தில் கை நீட்டியிருக்கிறார்கள். யாரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் தொட்டதாக நினைத்திருப்பார்கள். இல்லை, தொட்டதாகவே நினைக்கவில்லை. அந்தக் கைகளின் மொத்த எடையும் எங்கள் கோட்டில் விழுந்து அதைக் கீழே இழுத்திருக்கிறது.

'அம்மனுக்கு லைன் இல்லை' என்ற தலைப்பை அங்கேயே அழித்தேன். அதற்குப் பதிலாக எதையும் எழுதத் தோன்றவில்லை.

7

பழுதுபார்ப்பது சுலபம். படத்தைத் தொட்டால் ஒன்றும் ஆகாதபடி யுவன் ஒரு வரி எழுதினான். குமுதா அக்காவின் டேப்லட்டிலும் சரிபார்த்தேன். தீபத்தைத் தொட்டார், படம் ஓடியது. கதை இங்கே முடிந்திருக்கலாம். முதல் வரைவில் முடித்தும் பார்த்தேன்: 'அனைவரும் மகிழ்ந்தனர்.' அந்த வரைவைப் பார்த்துச் சிரிக்காத முகத்தோடு கிழித்தேன்.

ஏனென்றால் வியாழக்கிழமை ஒத்திகையில் இன்னொன்று தெரியவந்தது. படம் அறுந்துகொண்டிருந்தவரை யாருக்கும் தெரியாமல் அதன் பின்னால் ஒளிந்திருந்தது. கோயிலில் நடப்பது ஈப்போவுக்குப் போய்ச்சேர அரை நிமிடம் ஆகிறது. ஐயாவு அண்ணன் பதினாலாம் நம்பரை வழக்கம்போல ஒரே மூச்சில் மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தார். குமுதா அக்காவின் 'இருக்கோம்' ஒலிபெருக்கியில் வந்தபோது அவர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தாமதத்தக் கொறடா" என்றேன்.

"கொறச்சா இந்த லைனுக்கு எல்லாருக்கும் படம் அறுந்துரும். அந்த அர நிமிசத்தச் சேத்து வச்சுத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

"அப்ப அக்காவ முன்னாடியே சொல்லச் சொல்லு. பன்னெண்டாம் நம்பர் கேக்கும்போதே பொத்தான அமுக்கிட்டா கணக்கு சரியா வரும்."

அவன் போனில் கேட்டான். அக்கா ஒரே வரியில் முடித்தார். "கூப்புடாம எப்படி தம்பி பதில் சொல்றது?"

மீதமிருந்தது ஐயாவு அண்ணன். தனேஸ்வரி அக்காதான் பேச்சை எடுத்தார்.

"அண்ணே, ஆள் வராத வீட்டுக்கு மட்டும் ஒரு தரம் கூப்புட்டுட்டுக் கொஞ்சம் நிறுத்துங்க. அங்க போய்ச் சேரட்டும்."

"பெரட்டுல நிறுத்துற பழக்கம் இல்லம்மா. எங்கப்பா காலத்துலேருந்து ஒரே மூச்சு. நடுவுல நின்னா சாமி மல ஏறிடும்."

"ஆத்தா காத்திருக்க மாட்டாளா?"

"ஆத்தா காத்திருப்பா. மேளக்காரன் காத்திருப்பானா? எட்டு மணிக்குக் கோலா கங்சார்ல இருக்கணும் அவன்." தட்டைத் துணியால் துடைத்தார். "கூட்டத்துல நூறு பேர் நிப்பான். நான் வாயப் பொளந்துகிட்டு சும்மா நின்னா, ஐயாவுக்கு மறந்துபோச்சின்னு சிரிப்பான்."

"அப்ப என்னதான் சொல்றீங்க?"

"பாப்போம்" என்றார்.

8

வெள்ளிக்கிழமை. எனக்கு முன்னால் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன. ஒன்றில் ஐயாவு அண்ணன் நிறுத்துகிறார், பதில் வருகிறது, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். இன்னொன்றில் ஒரே மூச்சில் கூப்பிட்டுவிட்டு அடுத்த நம்பருக்குப் போய்விடுகிறார், குரல் வெறுங்கோயிலில் வந்து ஒலிக்கிறது. முதலாவது அசடு. இரண்டாவது திமிர். இரண்டையும் நானே எழுதியதால் எனக்குத் தெரியும். நடந்ததைச் சொல்கிறேன், போகிற வரைக்கும்.

கற்பூரம் ஏற்றினார்கள். நான் பின்னறையில் யுவனோடு கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுடர் திரையை நிறைத்தது. கோடு அசையவில்லை. முந்நூறு சொச்சம் பேரும் அப்படியே இருந்தார்கள். பழுது நீங்கிவிட்டது.

யுவனின் முகம் விழுந்திருந்தது.

"என்னடா, வேல செய்யுதுல்ல?"

"செய்யுது." நேரான கோட்டை விரலால் தடவினான். "இப்ப தொட்டாங்களா இல்லையான்னே தெரியாதுடா."

வெளியே பெரட்டு தொடங்கியது. நாங்களும் வெளியே வந்தோம். ஒன்றாம் நம்பருக்கு ஒரு குடும்பமே கத்தியது. நான்காம் நம்பருக்கு ஒரு மாமா, கையிலிருந்த கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டி 'நாலு பேரு இருக்கோம்' என்றார். கூட்டம் சிரித்தது. ஐயாவு அண்ணன் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார், ஒவ்வொரு நம்பரும் மும்மூன்றாக, மூச்சு விடாமல். பதின்மூன்று முடிந்தது.

"பதினாலாம் நம்பர் வீடு."

ஒரு முறை. நிறுத்தினார்.

மேளக்காரர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். பின்வரிசையில் ஒருவன் "அண்ணனுக்கு மறந்துபோச்சிலா" என்றான். யாரோ அவன் தோளில் தட்டினார்கள். ஐயாவு அண்ணன் திரும்பவில்லை. கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றார், வேனை நிறுத்திவிட்டு ஒரு வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்போல. சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. முதலில் பேச்சு, பிறகு வளையல், பிறகு அன்னதானப் பாத்திரங்கள். என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். ஓர் ஆள் தூரத்தில் இருக்கிறார், அவருக்காக நிற்கிறோம் என்பது எப்படியோ எல்லோருக்கும் புரிந்திருந்தது. நூறு பேர் ஓர் அரை நிமிடத்தை நின்று கழித்தார்கள்.

பதில் இல்லை.

"பதினாலாம் நம்பர் வீடு."

மறுபடியும் அதே நிற்றல். இந்த முறை யாரும் இருமவில்லை. யுவன் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான், கபடிப் பிடி. எனக்குள் ஈப்போ ஓடியது. மிஸி குறுக்கே வந்திருப்பாளோ. பொத்தானை அழுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறாரோ. டின் சரிந்து மக்சிக் அதைத் தூக்கி நிறுத்துகிறாரோ.

பதில் இல்லை.

ஐயாவு அண்ணன் அப்போது செய்ததை ஒத்திகையில் யாரும் சொல்லவில்லை. தட்டில் இன்னொரு கற்பூரம் வைத்து ஏற்றினார். கூட்டத்தைத் தாண்டி நேராகக் கேமராவிடம் வந்தார். கண்ணாடி வில்லைக்கு முன்னால், ஒரு மனிதரின் நெஞ்சு உயரத்துக்குத் தட்டை இறக்கி நீட்டினார். கை வந்து தொட்டு, கண்ணுக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு மூன்றாவது முறையாக, மெதுவாக, நம்பரைச் சொன்னார்.

தனேஸ்வரி அக்கா விளக்கு வரிசையின் முன்னால் மண்டியிட்டார். விதி அது. மூன்றாவதற்கும் பதில் வராவிட்டால் எடுக்க வேண்டும். பதினாலாம் நம்பர் அகலுக்கு மேலே அவர் கை வந்து நின்றது. சூட்டில் விரல்கள் லேசாக மடங்கின.

இதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியும். நான் அங்கே இருந்தேன். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்த அரை நிமிடம் தாளில் சுருங்கி ஒரே வரியாகிவிட்டது. அதனால் எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன். மூன்றாவது அழைப்பு இப்போதுதான் புறப்பட்டிருக்கிறது. செம்பனைகளுக்கு மேலே ஈப்போவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. மேளக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி சன்னமாக இரைகிறது, எல்லா முகங்களும் அதை நோக்கி நிமிர்ந்திருக்கின்றன. தனேஸ்வரி அக்காவின் கை விளக்குக்கு மேலே.

அந்தக் கையை எங்கே கொண்டுபோவது என்று நீங்கள் சொல்லுங்கள். அவசரமில்லை. அவர்கள் நிற்பார்கள்.